குடை பிடித்தவர் பார்த்துக்கொண்டிருந்தார்

அது 2003 என்று நினைக்கிறேன். புனேயில் ஜூலை மாத மழை. சிஞ்ச்வட்டில் வண்டிகளுக்கு உதிரிபாகம் செய்யும் ஒரு கம்பெனியின் கணக்குப் பிரிவில் எனக்கு வேலை. வயது நாற்பத்து நான்கு. மாடிப்படி ஏறினாலே முட்டியைப் பிடித்துக்கொள்கிற நான், அந்த மழையில், சேற்றில் விழுந்து புரண்டு, கயிற்று வலைக்கு அடியில் தவழ்ந்து, ஒரு பந்தயம் ஓடினேன். சொன்னால் என் மகளே நம்புவதில்லை. இத்தனைக்கும் அவளுடைய பழைய பி.டி. ஷூவைப் போட்டுக்கொண்டுதான் ஓடினேன்.

எதற்காக ஓடினேன் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். இல்லையென்றால் ஏதோ ஆசைப்பட்டுப் போனேன் என்று நினைத்துக்கொள்வீர்கள்.

எங்கள் கம்பெனி அந்த வருடம் கை மாறியிருந்தது. புது முதலாளிகள் யார், எந்த ஊர் என்றுகூட எங்களுக்குச் சரியாகத் தெரியாது. வி.ஆர்.எஸ். என்ற மூன்று எழுத்தை எல்லோரும் குரலைத் தாழ்த்திச் சொன்ன காலம் அது. விருப்ப ஓய்வு என்று பெயர்தான். விரும்பிப் போனவர் யாரையும் நான் பார்த்ததில்லை. என் கணவர் வேலை பார்த்த கம்பெனி முந்தின வருடமே கதவைச் சாத்திவிட்டது. மனுஷர் வீட்டில் இருந்தார். மகள் என்ஜினீயரிங் இரண்டாம் வருடம். என் ஒருத்தி சம்பளத்தில்தான் வீடு ஓடியது.

எங்கள் பிரிவில் நாங்கள் இரண்டு பேர். சரக்கு அனுப்புகிறவர்களின் பில்லைச் சரிபார்த்துப் பாஸ் செய்கிற வேலை. பக்கத்து மேசையில் என்னைவிட ஆறேழு வயது மூத்தவர் ஒருவர். அவரும் தமிழ்தான், ஆனால் பிறந்து வளர்ந்தது எல்லாம் புனேயிலேயே, போபோடியில். அவருடைய அப்பா கட்கி வெடிமருந்துத் தொழிற்சாலையில் வேலை பார்த்தவர். அவர் பேசுகிற தமிழில் ஹிந்தியும் மராட்டியும் தாராளமாக விழும். நான் அவரை அக்கா என்றுதான் கூப்பிடுவேன். ஆபீசில் மராட்டிக்காரர்கள்கூட அவரை அக்கா என்றே கூப்பிட ஆரம்பித்திருந்தார்கள்.

நான் வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து மத்தியானச் சாப்பாடு எங்கள் இருவருக்கும் ஒன்றாகத்தான். என் சோறும் குழம்பும் அவருக்கு, அவர் சப்பாத்தியும் காய்கறி பாஜியும் எனக்கு. அக்காவின் கணவருக்குச் சிறுநீரகம் பழுதாகி, வாரா வாரம் ஆஸ்பத்திரியில் ரத்தத்தைச் சுத்தம் செய்தாக வேண்டும். கம்பெனி கொடுத்திருந்த மருத்துவ அட்டையில்தான் அது நடந்துகொண்டிருந்தது. வேலை போனால் அட்டையும் போய்விடும்.

கம்ப்யூட்டர் வரப்போகிறது, வந்தால் எங்கள் மேசை வேலைக்கு ஒரு ஆள் போதும் என்று எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. ஒரு வேலை, இரண்டு பெண்கள். நாங்கள் சண்டை போட்டுக்கொள்ளவில்லை. ஒருவரை ஒருவர் ஒரு வார்த்தை தப்பாகச் சொல்லவில்லை. சாப்பாடும் நிற்கவில்லை, டப்பாவைத் திறந்து பழையபடி பங்கு போட்டுக்கொண்டோம். பேச்சுத்தான் நின்றுபோனது. அவர் ஜன்னலைப் பார்த்துச் சாப்பிடுவார், நான் டப்பாவைப் பார்த்துச் சாப்பிடுவேன். அப்படியே ஆறு மாதம் போனது. அந்த ஆறு மாதத்தில் நான் களைத்துப்போன மாதிரி என் பிரசவத்தில்கூடக் களைக்கவில்லை.

இந்த நேரத்தில்தான் அறிவிப்புப் பலகையில் ஒரு காகிதம் ஒட்டினார்கள். முல்ஷி பக்கத்தில் ஒரு பண்ணையில் ஞாயிற்றுக்கிழமை ‘மழைக்கால விளையாட்டு’, சேற்றில் தடை தாண்டும் ஓட்டம், விருப்பமுள்ள ஊழியர்கள் பெயர் கொடுக்கலாம், சாப்பாடு உண்டு. அவ்வளவுதான் அதில் இருந்தது. ஆனால் மத்தியானத்துக்குள் அது வேறு செய்தியாகிவிட்டது. உடம்பில் தெம்பு இருக்கிறதா என்று பார்த்துத்தான் புது ஆட்கள் வேலையில் வைத்துக்கொள்வார்களாம். யார் முதலில் சொன்னார்கள் என்று இன்று வரை தெரியவில்லை. இருபத்தைந்து வயதுப் பையன்கள் சினிமாவுக்குப் போகிறோம் என்று ஒதுங்கிவிட்டார்கள். நாற்பது தாண்டினவர்கள் ஒருவர் விடாமல் பெயர் கொடுத்தார்கள். ஆஸ்துமா உள்ளவர், குடல் இறக்கத்துக்கு ஆபரேஷன் ஆனவர், எல்லோரும்தான்.

வீட்டில் சொன்னதும் என் கணவர் செய்தித்தாளை மடக்கி வைத்தார். எங்களுக்குத் திருநெல்வேலி பக்கம்.

“இந்த வயசுல ஓடப் போறியாக்கும்? ஒம் முட்டிக்குத் தைலம் தேச்சுத் தேச்சு என் கை ரேகையே அழிஞ்சு போச்சு.”

“போகலைன்னா வேலை போயிரும்னு சொல்லுதாங்க.”

“யாரு சொல்லுதா?”

“எல்லாரும்தான் சொல்லுதாங்க.”

“எல்லாரும்னா ஒருத்தரும் சொல்லலைன்னு அர்த்தம்” என்றார்.

அத்தோடு எழுந்து போய்விட்டார். கோபம் என்று நினைத்தேன். காலையில் பார்த்தால் மகளுடைய பழைய ஷூவைக் கழுவி, உள்ளே செய்தித்தாளைத் திணித்துக் காயவைத்து, புது லேஸ் கோத்து வாசல் பக்கம் வைத்திருந்தார். எனக்கு அதைப் பார்க்கச் சங்கடமாக இருந்தது. என் வேலையைக் காப்பாற்ற அவரால் அப்போது செய்ய முடிந்தது அவ்வளவுதான் என்று இருவருக்குமே தெரியும்.

ஓடிப் பழகலாம் என்று விடியற்காலையில் எங்கள் பக்கத்துப் பூங்காவுக்குப் போனேன். யாரும் பார்க்கமாட்டார்கள் என்று நினைத்துத்தான் அந்த நேரத்துக்குப் போனது. உள்ளே நுழைந்தால் பாதி ஆபீஸ் அங்கே இருந்தது. சரக்கு அனுப்பும் பிரிவில் இருந்த தொந்திக்காரர் பால் பாக்கெட்டைக் கையில் பிடித்தபடி ஓடிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் ஓட்டத்தை நடையாக்கி, பால் வாங்க வந்ததாகச் சொன்னார். வேப்ப மரத்தடியில் அக்கா, புடவையைத் தூக்கிச் செருகி, கான்வாஸ் ஷூவோடு குனிந்து நிமிர்ந்துகொண்டிருந்தார்.

“என்ன, நடக்க வந்தியா?” என்று கேட்டார்.

“இல்லக்கா, கறிவேப்பிலை வாங்கலாம்னு.”

“இந்நேரத்துல எவன் கறிவேப்பிலை விக்கறான்?”

“நீங்க எதுக்குக்கா வந்தீங்க?”

“டாக்டர் சொன்னாரு. சுகர் இருக்காம்.”

முந்தின நாள்தான் கேன்டீனில் யாரோ கொடுத்த பேடாவில் இரண்டை எடுத்து அவர் சாப்பிட்டதை நான் பார்த்திருந்தேன். ஆளுக்கொரு பக்கமாக நடந்தோம். மற்ற நாளாக இருந்தால் வயிறு வலிக்கச் சிரித்திருப்போம்.

ஞாயிற்றுக்கிழமை வந்தது. கம்பெனி பஸ்ஸில் போகும்போதே மழை கொட்டியது. சல்வார், மேலே கணவருடைய டீ-ஷர்ட், வெட்கத்துக்கு இடுப்பில் சுற்றிய துப்பட்டா. இதுதான் என் கோலம். அக்காவும் கிட்டத்தட்ட அப்படித்தான். அவர் பஸ்ஸில் முன்னால் உட்கார்ந்தார், நான் பின்னால். வழியெல்லாம் மலையிலிருந்து தண்ணீர் வெள்ளை வெள்ளையாக இறங்கிக்கொண்டிருந்தது. யாரும் ஜன்னல் பக்கம் திரும்பவில்லை. எல்லோருக்கும் பரீட்சைக்குப் போகிற முகம்.

இறங்கினதும் எல்லோர் கண்ணிலும் ஒரே ஆள் பட்டார். வரப்பின் மேல், கறுப்புக் குடை பிடித்துக்கொண்டு, பிளாஸ்டிக் மழைக்கோட்டும் முழங்கால் வரை ரப்பர் பூட்ஸுமாக ஒருவர் நின்றார். கண்ணாடி போட்டிருந்தார். ஒருவரோடும் பேசவில்லை. பந்தயம் நடத்துகிற பையன்கள் போகும்போதும் வரும்போதும் அவருக்கு “நமஸ்கார் சாஹேப்” சொன்னார்கள். எங்களை ஒவ்வொருவராக, மேலிருந்து கீழே பார்த்தார். குறிப்பாகக் காலைப் பார்த்தார். மாடு வாங்க வந்தவர் பார்ப்பது போல இருந்தது.

“ஹெட் ஆபீஸ்” என்று யாரோ மெதுவாகச் சொன்னார்கள். அது வரிசை முழுக்கப் போயிற்று. தொந்திக்காரர் மூச்சை உள்ளே இழுத்து வயிற்றைச் சுருக்கிக்கொண்டார். கேன்டீன் பார்த்துக்கொள்கிறவர் குடை பிடித்தவர் முன்னால் போய், நின்ற இடத்திலேயே குதிக்க ஆரம்பித்தார்.

விசில் அடித்ததும் ஓடினோம். முதலில் டயர்கள். அதைத் தாண்டினதுமே எனக்கு மூச்சு வாங்கியது. அப்புறம் மணல் மூட்டையைத் தூக்கிக்கொண்டு மேடு ஏற வேண்டும். அதன் பிறகு கயிற்று வலை. அதற்கு அடியில் தவழ வேண்டும். தவழும்போது சேறு வாயில் போனது, மூக்கில் போனது. நிமிர்ந்து பார்த்தால் குடைக்காரர் எனக்கு நேரே வரப்பில் நிற்கிறார். வாயெல்லாம் சேற்றோடு அவரைப் பார்த்துச் சிரித்தேன். அந்தச் சிரிப்பை நினைத்தால் இப்போதும் எனக்கே என் மேல் பாவமாக இருக்கிறது. எனக்கு முன்னால் தவழ்ந்தவர் அவருக்குக் குட்மார்னிங் சொன்னார். குடைக்காரர் குனிந்து, சொன்னவருடைய காலையே பார்த்தார்.

மூங்கில் சுவர் ஒன்று இருந்தது. எப்படி ஏறினேன், எப்படி அந்தப் பக்கம் விழுந்தேன் என்று ஞாபகமில்லை. கையெல்லாம் சிராய்ப்பு. அதற்குள் பாதிப் பேர் ஓரத்தில் உட்கார்ந்துவிட்டார்கள். மீதிப் பேர் முன்னால் போய்விட்டார்கள். நான் எந்தக் கூட்டத்திலும் இல்லாமல் நடுவில் தள்ளாடிக்கொண்டிருந்தேன். சும்மா நடந்துவிடலாம் என்று தோன்றும். உடனே மகள் முகம் வரும், அந்தப் புது லேஸ் ஞாபகம் வரும். திரும்ப ஓடுவேன். அதை ஓட்டம் என்று சொன்னால் ஓட்டத்துக்கே கேவலம்.

கடைசித் தடை சேற்றுக் குழி. ஒரு பழைய வயலையே வெட்டிக் குழியாக்கியிருந்தார்கள். இடுப்பளவு சேறு இருக்கும் என்று சொல்லியிருந்தார்கள். பெய்த மழையில் இன்னும் கொஞ்சம் கூடியிருந்தது. அக்கா எனக்கு முன்னால் இறங்கிப் போய்க்கொண்டிருந்தார். பாதி தூரம் போனேன். ஓரமாகப் போனால் ஆழம் குறைவாக இருக்கும் என்று நினைத்து ஒதுங்கினேன். ஒதுங்கின இடத்தில் சேறு கொஞ்சம்தான். ஆனால் வலது கால் எடுத்து வைத்ததும் உள்ளே போனது போனதுதான். இழுக்க இழுக்க இன்னும் கீழே போயிற்று. முட்டி திரும்பி, உயிர் போகிற வலி. அப்படியே பின்பக்கமாக உட்கார்ந்துவிட்டேன்.

அக்கா அதற்குள் மறுகரைக்குப் போய்விட்டார். கரைப் புல்லைக் கையால் பிடித்துவிட்டார். ஏறினால் முடிந்தது. அதற்குப் பக்கத்திலேயே வரப்பில் குடைக்காரர் நின்று எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார். வேறு யாரும் அந்தப் பக்கம் இல்லை. நான் வாயைத் திறந்து கூப்பிடவில்லை. கூப்பிடக் கூடாது என்றுதான் இருந்தேன். ஆனால் வலியில் முனகியிருப்பேன் போலிருக்கிறது. அக்கா திரும்பிப் பார்த்தார்.

என்னைப் பார்த்தார். பிறகு நிமிர்ந்து குடைக்காரரைப் பார்த்தார். மறுபடி என்னைப் பார்த்தார்.

“போங்கக்கா. நான் வந்துருவேன்” என்றேன்.

“எங்கேருந்து வருவே? கால்தான் உள்ள போயிருக்கே.”

புல்லை விட்டுவிட்டார். சேற்றைக் கையால் தள்ளித் தள்ளிக்கொண்டு என் பக்கம் திரும்பி வந்தார். என் தொடையைப் பிடித்து இழுத்துப் பார்த்தார். அசையவில்லை. இரண்டாவது தடவை இழுத்ததில் அவரே சறுக்கி என் பக்கத்தில் உட்கார்ந்தார். எழுந்திருப்பார் என்று பார்த்தேன். எழுந்திருக்கவில்லை. காலை நீட்டிக்கொண்டார்.

“அக்கா, அவரு பாக்காரு.”

“தெரியும்.”

“எந்திரிங்கக்கா. உங்க வேலைக்கா. ஒங்க வீட்டுக்காரருக்கு அந்தக் கார்டு…”

ஆறு மாதத்தில் அந்தப் பேச்சை எங்களுக்குள் யாரும் எடுத்ததில்லை. நான்தான் முதலில் எடுத்தேன்.

“பாத்தா பாத்துட்டுப் போறாரு. என்னால ஆகல. போதும். தக் ஆயிட்டேன்” என்றார். களைத்துவிட்டாராம். அலுப்பு வந்தால் அக்காவுக்கு ஹிந்திதான் வரும். கொஞ்ச நேரம் மூச்சு வாங்கிவிட்டுச் சொன்னார்: “ஓடித் தக் ஆகல. பக்கத்துல உட்காந்து சாப்பிட்டுக்கிட்டு, உன் மூஞ்சியப் பாக்காம இருக்கேனே ஆறு மாசமா, அதுலதான் தக் ஆயிட்டேன்.”

எனக்கு அழுகை வந்துவிட்டது. சின்னப் பிள்ளை மாதிரி விசும்பினேன்.

“அழாதே. துடைக்க நம்ம ரெண்டு பேருகிட்டயும் சுத்தமா ஒரு கை கிடையாது” என்றார் அக்கா.

மழை பெய்துகொண்டே இருந்தது. ஏதோ கோயில் பிரகாரத்தில் உட்கார்ந்த மாதிரி இருவரும் அந்தச் சேற்றில் உட்கார்ந்திருந்தோம். எழுந்திருக்கத் தெம்பில்லை. மறைக்கவும் தெம்பில்லை. அக்கா சொன்னார், “உனக்குக் காய்ச்சல் வந்து நாலு நாள் லீவு போடமாட்டியான்னு நெனச்சிருக்கேன் தெரியுமா?”

“நானும்தான்க்கா. போன மாசம் நீங்க ஒரு பில்லைத் தப்பாப் போட்டீங்கல்லா, அன்னைக்கி எனக்கு உள்ளுக்குள்ள சந்தோஷம்.”

“தெரியும். அன்னிக்கு நீ ரெண்டு கவளம் கூடச் சாப்பிட்டே.”

இப்படிச் சொன்னால் யாருக்காவது சிரிப்பு வராமல் இருக்குமா? அழுதுகொண்டே சிரித்தேன். சிரித்த வேகத்தில் பின்னால் சாயப் போனேன்.

“வஹினி, சாயாதீங்க. அப்படியே இருங்க” என்று மராட்டியில் ஒரு சத்தம். மராட்டிக்காரர்கள் மரியாதையாக ஒரு பெண்ணை அண்ணி என்று கூப்பிடுகிற சொல் அது. பார்த்தால் குடைக்காரர் வரப்பிலிருந்து இறங்கி, ஆழமில்லாத ஓரமாகவே எங்களை நோக்கி வந்துகொண்டிருந்தார். போச்சு, இரண்டு பேர் வேலையும் ஒரே நாளில் போச்சு என்று நினைத்தேன். அக்கா என் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். ஆனால் அப்போதும் எழுந்திருக்கவில்லை.

அவர் என்னைத் தாண்டிப் போய் என் முதுகுக்குப் பின்னால் குனிந்து பார்த்தார். நானும் திரும்பிப் பார்த்தேன். எல்லைக்குக் கட்டியிருந்த கயிறு மழையில் அறுந்து கிடந்தது. அதற்கு அந்தப் பக்கம் பச்சைப் பாய் விரித்த மாதிரி நாற்றங்கால். நான் உட்கார்ந்திருந்தது அதன் ஓரத்தில். இன்னும் ஒரு சாண் சாய்ந்திருந்தால் அவ்வளவு நாற்றும் என் முதுகுக்கு அடியில் போயிருக்கும்.

அக்காதான் துணிந்து மராட்டியில் கேட்டார். “சாஹேப், நீங்க ஹெட் ஆபீஸா?”

“எந்த ஆபீஸ்? இது என் வயல்” என்றார் அவர்.

நாங்கள் இருவரும் அவரையே பார்த்துக்கொண்டிருந்தோம். அவர் குறையைக் கொட்டித் தீர்த்தார். தரிசாகக் கிடந்த பக்கத்தைப் பந்தயத்துக்கு விட்டிருந்தாராம். பக்கத்திலேயே நடவுக்கு நாற்று நிற்கிறது. ஒருவர் தடம் மாறி இறங்கினாலும் அந்த வருட நெல் போச்சு. “காலையிலேருந்து உங்க ஆளுங்க காலையே பாத்துக்கிட்டு நிக்கறேன். வயித்துல நெருப்பைக் கட்டிக்கிட்டு நிக்கறேன். இவ்வளவு பெரிய மனுஷங்க எல்லாம் எதுக்கு எனக்குக் குட்மார்னிங் சொல்றாங்கன்னுதான் புரியல” என்றார்.

அக்கா சிரிக்க ஆரம்பித்தார். சத்தமில்லாமல், உடம்பு குலுங்க, என் தோளில் முகத்தை வைத்துக்கொண்டு சிரித்தார். பாதியில் அது அழுகையாயிற்று. எது எங்கே முடிந்தது என்று எனக்குத் தெரியவில்லை. அந்த மனிதர் பாவம், தன் நாற்றுக்காகத்தான் நாங்கள் அழுகிறோம் என்று நினைத்துக்கொண்டு, “பரவாயில்லை வஹினி, நாற்றுக்கு ஒன்றும் ஆகவில்லை” என்று சமாதானம் சொன்னார்.

குடையை மடக்கி நீட்டினார். நான் அதைப் பிடித்துக்கொள்ள, அக்கா பின்னாலிருந்து தள்ள, கால் வெளியே வந்தது. ஷூ வரவில்லை. புது லேஸோடு அது அங்கேயே தங்கிவிட்டது.

அவர் வீடு பக்கத்திலேயே இருந்தது. அவர் மனைவி ஒரு குடம் வெந்நீர் வைத்துக் கொடுத்தார். காலைக் கழுவிக்கொண்டு, வாசல் படியில் உட்கார்ந்து, இஞ்சி தட்டிப்போட்ட டீ குடித்தோம். யார், என்ன என்று அவர்கள் அதிகம் கேட்கவில்லை. என் முட்டிக்கு மஞ்சள் பற்றுப் போட்டுவிட்டார் அந்த அம்மா. நாங்கள் திரும்பிப் போனபோது பந்தயக் கயிறுகளைச் சுருட்டிக்கொண்டிருந்தார்கள். எங்கள் இருவர் பெயரும் முடித்தவர்கள் கணக்கில் இல்லை. சாப்பாடு மட்டும் மிச்சம் இருந்தது. ஒரே தட்டில் வாங்கிக்கொண்டோம்.

பஸ்ஸில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்தோம். எங்களுக்கு முன் சீட்டில் தொந்திக்காரர். நாற்பது தாண்டினவர்களில் அவர்தான் முதலாவதாக வந்திருந்தார். கழுத்தில் மெடலோடு திரும்பி, “சாஹேப் என்னை ரொம்பக் கவனிச்சார், பார்த்தீங்களா?” என்று கேட்டார்.

அக்கா என்னைப் பார்த்தார். நான் அக்காவைப் பார்த்தேன்.

“ஆமா, உங்க காலை ரொம்ப நேரம் பாத்தாரு” என்றார் அக்கா.

உண்மையைச் சொல்ல எங்களுக்கு மனசு வரவில்லை. மனுஷர் ஆறு மாதத்துக்குப் பிறகு அன்றுதான் நிம்மதியாகத் தூங்கினார் என்று நினைக்கிறேன். புனே வந்து சேரும் வரை குறட்டை விட்டார்.

தீபாவளி முடிந்த வாரம் விருப்ப ஓய்வுக் கவர்கள் வந்தன. பந்தயத்துக்கும் அதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. முதலில் வந்த தொந்திக்காரருக்கும் கவர் வந்தது. பந்தயத்துக்கே வராத ஒருவருக்கு வரவில்லை. எங்கள் மேசையில், கவர் எனக்கு வந்தது.

அந்த நாட்களில் எங்கள் ஆபீசில் ஒரு வழக்கம் ஏற்பட்டிருந்தது. யாருக்காவது கவர் வந்தால் சுற்றி இருக்கிறவர்களுக்கு எல்லாம் திடீரென்று வேலை முளைத்துவிடும். ஃபைலில் குனிந்துகொள்வார்கள், போனை எடுப்பார்கள், பாத்ரூமுக்குப் போவார்கள். தொற்று நோய் மாதிரி. அவர்களைக் குறை சொல்ல முடியாது. நானும் மற்றவர்களுக்கு வந்தபோது குனிந்தவள்தான். அன்றும் எல்லாத் தலையும் குனிந்தது. நான் கவரைப் பிரித்துவிட்டு, மேசைக் கண்ணாடியையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அப்போது ஒரு நாற்காலியை இழுக்கிற சத்தம். ஹால் முழுக்கக் கேட்டது. அக்கா தன் நாற்காலியைத் தரையில் கரகரவென்று இழுத்துக்கொண்டு வந்து, என் நாற்காலியோடு ஒட்டிப் போட்டு உட்கார்ந்தார். முகத்தைத் துடைத்துக்கொள்ளவில்லை, கண்ணீர் அது பாட்டுக்கு வழிந்துகொண்டிருந்தது.

“மூஞ்சிய அந்தப் பக்கம் திருப்பாதே. என்னைப் பாரு” என்றார்.

பார்த்தேன். சாப்பாட்டு நேரம் ஆகவில்லை. ஆனாலும் டப்பாவைத் திறந்து சப்பாத்தியைப் பிய்த்து என் கையில் வைத்தார். மேலதிகாரி கண்ணாடி அறைக்குள்ளிருந்து பார்த்துக்கொண்டுதான் இருந்தார். அக்கா அந்தப் பக்கம் திரும்பவே இல்லை.

எனக்குப் பொறாமை இல்லையா என்று கேட்டால், இருந்தது. வேலை போன பிறகு சில மாதம் அக்கா போன் செய்தால் எடுக்கவே அலுப்பாக இருக்கும். ஆனால் எடுத்துவிடுவேன். இன்னொரு தடவை ஆறு மாதம் முகத்தைத் திருப்பிக்கொண்டு இருக்க என் உடம்பில் தெம்பு இல்லை. ஒரு டியூஷன் சென்டரில் கணக்கு எழுதினேன். என் கணவருக்குப் போசரியில் ஒரு ஸ்டோரில் வேலை கிடைத்தது. மகள் படித்து முடித்தாள். சுலபமாக நடந்தது என்று சொல்லமாட்டேன், தேய்ந்து தேய்ந்துதான் நடந்தது. அக்காவின் கணவர் அந்த அட்டையின் புண்ணியத்தில் இன்னும் சில வருடம் இருந்தார். அக்கா ஓய்வு பெற்ற பிறகும் எங்களுக்குள் அந்த டப்பா பங்கு நிற்கவில்லை. வாரத்தில் ஒரு நாள் அவர் இங்கே வருவார், இல்லையென்றால் நான் அங்கே போவேன்.

குடைக்காரர் கதையை எத்தனையோ பேரிடம் சொல்லியிருக்கிறேன். எல்லோரும் விழுந்து விழுந்து சிரிப்பார்கள், நானும் கூடச் சிரிப்பேன். ஆனால் தனியாக இருக்கும்போது எனக்கு ஞாபகம் வருவது அந்தச் சிரிப்பு இல்லை. அவர் வெறும் வயல்காரர் என்பது எங்களுக்குத் தெரிந்தது பிறகுதான். அக்கா கரைப் புல்லை விட்டுவிட்டு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தது அதற்கு முன்னால்.